எல்லைக்கல் இல்லாத நிலைபொருள்

அம்பத்தூரில் நான் வசிக்கும் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்க அறையில் உள்ளங்கை அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று இருக்கிறது. தெருமுனைக் கேமராக்களின் பதிவுகள், தண்ணீர் லாரி வரவுக் கணக்கு, சந்தாக் கணக்கு எல்லாம் அதில்தான். அதன் 16 ஜிகாபைட் நினைவக அட்டை நிரம்பிவிட்டது. ஓய்வுபெற்றவனுக்கு வேலை தேடி வரும் என்பார்கள். நானோ இந்த வேலையை வலிந்து ஏற்றுக்கொண்டேன். 64 ஜிகாபைட் அட்டை ஒன்றை வாங்கினேன். அதை என் மடிக்கணினியில் செருகி, புதிதாகப் பிரிவுகள் அமைத்து, பழைய அட்டையிலிருந்த கோப்புகளை ஒன்றுவிடாமல் நகலெடுத்தேன். எண்ணிக்கையையும் அளவையும் சரிபார்த்தேன். ஒரு கோப்புகூடக் குறையவில்லை.

புதிய அட்டையைப் பெட்டியில் செருகி மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி எழவில்லை. பழைய அட்டையை மீண்டும் போட்டால் எழுந்திருக்குமே என்று வாசகர்கள் கேட்கலாம். நகல் முடிந்த கையோடு அதை அழித்து வேறு பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சிக்கனம் பொருளியல் ஆசிரியனின் பிறவிக்குணம்!

பழுதுபார்க்கும் கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வாங்கியிருப்பேன். நல்லவேளையாக, என்னிடம் பொருளியல் படித்துவிட்டு இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தயாரிக்கும் சிறு தொழிற்கூடத்தை நடத்திவரும் பழைய மாணவர் ஒருவரின் நினைவு வந்தது. அவர் பெட்டியைப் பார்த்த சில நிமிடங்களிலேயே சிரித்துவிட்டார். "போர்டுக்கு ஒன்றுமில்லை சார். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து எடுத்து வந்துவிட்டீர்கள். வாசல் சாவியை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள்" என்றார்.

அந்தச் சாவி எது, அது ஏன் என் கண்ணில் படவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள முற்பட்டபோது, இது என் அறியாமை மட்டும் தொடர்பானதன்று என்பது புரிந்தது. நம் வீட்டு செட்டாப் பெட்டி, இணைய ரௌட்டர், கைப்பேசி, மகிழுந்தின் திரை என நாள்தோறும் நாம் கையாளும் எத்தனையோ கருவிகளின் ஆயுளைத் தீர்மானிக்கும் செய்தி இது. அதில் பொருளியலும் இருக்கிறது.

மின்சாரம் வந்த முதல் நொடி

கணினியோ கைப்பேசியோ, மின்சாரம் வந்ததும் அதன் செயலிக்கு எதுவும் தெரியாது. நினைவகம் எவ்வளவு, திரை எங்கே, கோப்புகள் எங்கே என எதையும் அது அறியாது. செயலியின் உள்ளேயே தயாரிப்பின்போது பதிக்கப்பட்ட, எவராலும் மாற்ற முடியாத மிகச் சிறிய நிரல் ஒன்று உண்டு. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: 'இன்ன இடத்துக்குப் போ, அங்கே அடுத்த நிரல் இருக்கும், அதை எடுத்து ஓட்டு.'

அந்த அடுத்த நிரலே தொடக்க நிலைபொருள். நினைவகத்தை விழிக்கச் செய்வது, வட்டைப் படிக்கும் வழியைத் திறப்பது, இறுதியில் இயங்குதளத்தை அழைத்துப் பொறுப்பை ஒப்படைப்பது ஆகியவை அதன் வேலை. சில வினாடிகளில் அதன் பணி முடிந்துவிடும். ஆனால் அது இல்லையென்றால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. இப்படி எழ மறுக்கும் கருவியைத் தொழில்நுட்பத் துறையினர் 'செங்கல்' என்று குறிப்பிடுவதுண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருள், எடைக்குப் போடுவதற்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது என்பது அதன் பொருள்.

ஆக, கேள்வி இதுதான்: அந்தத் தொடக்க நிலைபொருளை எங்கே வைப்பது?

தனிச் சில்லா, பொது வட்டா?

மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இதற்கு நெடுநாள் மரபு உண்டு. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணினி தொடங்கி, தாய்ப்பலகையில் இதற்கென்றே தனிச் சில்லு இருக்கிறது. 'பயோஸ்' என்று நாம் கேள்விப்படுவது அதில் இருப்பதைத்தான். 2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த மடிக்கணினிகளைப் பெற்ற மாணவர்கள் அவற்றின் வட்டுகளை எத்தனையோ முறை அழித்து, வெவ்வேறு இயங்குதளங்களை நிறுவிப் பார்த்திருப்பார்கள். அதனால் கணினி செங்கல் ஆகிவிடுவதில்லை. காரணம், வட்டு முழுவதையும் துடைத்தாலும் தொடக்க நிலைபொருள் வேறு சில்லில் பத்திரமாக இருக்கிறது. தவறு செய்து கற்கும் உரிமையை அந்த மாணவர்களுக்குத் தந்தது அந்தத் தனிச் சில்லுதான்.

இன்னொரு கோடி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது அது. அதன் உருவாக்கத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளராக முக்கியப் பங்காற்றியவர் எழுத்தாளர் சுஜாதா என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. அதன் நிரல் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதிக்கப்படுகிறது என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. அங்கே மாற்ற முடியாமையே பாதுகாப்பு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை உட்பொதி கருவிகள். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக ஒரு பெட்டிக்குள் அடக்கப்பட்ட கணினிகள் இவை. இவற்றில் பல, தொடக்க நிலைபொருளுக்கெனத் தனிச் சில்லு வைப்பதில்லை. இயங்குதளமும் பயனரின் தரவும் இருக்கும் அதே சேமிப்பகத்தின் ஒரு மூலையில் அதையும் வைத்துவிடுகின்றன. காரணம் எளிது. தனிச் சில்லுக்குச் சில பத்து ரூபாய் ஆகும். பலகையில் இடமும் வேண்டும். இலட்சக்கணக்கில் தயாரிக்கும்போது அந்தச் சில பத்து ரூபாய் கோடிகளாகப் பெருகும்.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் வெளிவந்த 'ராஸ்பெரி பை' என்ற சிறு கணினி, தொடக்க நிலைபொருளை நினைவக அட்டையின் முதல் பிரிவில் சாதாரணக் கோப்புகளாகவே வைத்தது. எதைக் கெடுத்தாலும் அட்டையைக் கழற்றி வேறு கணினியில் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். பள்ளி மாணவர்களிடம் அது அச்சமின்றிப் பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். பலகையில் பற்றவைத்த சில்லு கெட்டால் இப்படிச் சரிசெய்வது எளிதன்று.

எனவே பொது வட்டில் வைப்பதே பிழை என்பதில்லை. அங்கே அது எப்படி வைக்கப்படுகிறது, அது இருப்பது எவருக்குத் தெரியும் என்பதே கேள்வி.

பதிவேடும் புறம்போக்கும்

ஒரு வட்டை ஊர் நிலமாக எண்ணிக்கொள்ளலாம். அதன் முகப்பில் 'பிரிவு அட்டவணை' என்ற பதிவேடு இருக்கிறது. 'இந்த எண் முதல் இந்த எண் வரை முதல் பிரிவு. அதற்கடுத்து இரண்டாம் பிரிவு' என்று எல்லைகளைச் சொல்வது அது. கோப்புகளைக் கையாளும் எந்த மென்பொருளும் இந்தப் பதிவேட்டைப் பார்த்தே நடக்கும். பதிவேட்டில் இல்லாத இடம் அதற்குக் காலியிடம்.

பழைய முறையில் இந்தப் பதிவேடு வட்டின் முதல் கூறில் மட்டுமே இருந்தது. ஒரு கூறு என்பது 512 பைட். முதல் பிரிவோ சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். இடையில் கிடந்த வெற்றிடத்தை மலிவு விலைச் செயலிகளின் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 'வட்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளிப் போய்ப் பார்; அங்கே நிலைபொருள் இருக்கும்' என்று செயலிக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. எங்கள் சங்கப் பெட்டியும் அந்த வகைதான். நான் கோப்புகளை நகலெடுத்தேன். கோப்பாக இல்லாத, பிரிவாகவும் இல்லாத அந்த இடைவெளியை நகலெடுக்கவில்லை. எந்த மென்பொருளும் அதை எனக்குக் காட்டவுமில்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. இன்று பரவலாக உள்ள 'ஜி.பி.டி.' என்ற புதிய பதிவேட்டு முறைக்கு முகப்பில் அதிக இடம் வேண்டும். முதல் இரு கூறுகளான 1,024 பைட்டுக்குப் பிறகு, 128 பதிவுகளுக்கு, பதிவுக்கு 128 பைட் வீதம் 16,384 பைட் ஒதுக்கப்படுகிறது. அதாவது பதிவேடு 17 கிலோபைட் வரை நீள்கிறது. நிலைபொருள் இருக்க வேண்டிய 8 கிலோபைட் இடமோ அந்தப் பதிவேட்டின் நடுவில் விழுகிறது! பதிவேட்டை எழுதினால் நிலைபொருள் அழியும்; நிலைபொருளை எழுதினால் பதிவேடு சிதையும். புதிய அட்டையில் நான் ஜி.பி.டி. முறையில் பிரிவுகள் அமைத்திருந்தேன். அதனால், நிலைபொருளை வேறெங்கிருந்தாவது பெற்று எழுதியிருந்தாலும் மோதல்தான்.

இதற்கு ஒரு கைவைத்தியம் இருப்பதாக மாணவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பதிவுகளை 128-இலிருந்து 56-ஆகக் குறைத்தால் 56 முறை 128, 7,168 பைட். அதனுடன் 1,024-ஐக் கூட்டினால் சரியாக 8,192, அதாவது 8 கிலோபைட். பதிவேடு முடியும் இடத்தில் நிலைபொருள் தொடங்கும். கணக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் குறைந்தது 16,384 பைட் ஒதுக்க வேண்டும் என்பது ஜி.பி.டி. முறையின் விதி, எனவே இது சமாளிப்பே. அவர் எங்கள் அட்டையைப் பழைய பதிவேட்டு முறைக்கே மாற்றினார். நிலைபொருளைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருந்த மூலத்திலிருந்து எடுத்து, உரிய இடத்தில் எழுதினார். பெட்டி எழுந்தது. 'போர்டு போய்விட்டது' என்று தீர்ப்பளிக்கப்பட்ட பெட்டிக்குத் தேவைப்பட்டது சில நூறு கிலோபைட் நிரல் மட்டுமே.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் போக வேண்டும். இப்படி ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள் கோடையில் வெறும் நிலமாகத் தெரியும். யாருடைய பட்டாவிலும் இல்லாததால் காலியிடம் என்று எண்ணி ஆக்கிரமிப்பார்கள். அது காலியிடம் அன்று, ஊரையே காக்கும் வழி என்பது மழை வந்த பிறகுதான் தெரியும். தொடக்க நிலைபொருள் உறங்கும் அந்த இடைவெளியும் அத்தகையதே. பெட்டி ஓடும்வரை அது தேவையற்ற வெற்றிடம்போல் தோன்றும். அடுத்த முறை மின்சாரம் வந்து போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

தேய்மானம் என்னும் இரண்டாவது கேடு

அழிந்துபோகும் ஆபத்து ஒருபுறம் இருக்க, ஒரே சேமிப்பகத்தைப் பகிர்வதில் இன்னொரு கேடும் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தை எண்ணற்ற முறை அழித்து எழுத முடியாது. அதன் ஒவ்வொரு கூட்டுக்கும் ஆயுள் வரம்பு உண்டு. கேமராப் பதிவுகளும் நிகழ்வுக் குறிப்புகளும் இடைவிடாது எழுதப்படும்போது சேமிப்பகம் முழுவதும் தேய்கிறது. ஒருமுறை எழுதியபின் தொடப்படாத தொடக்க நிலைபொருளும் அதே சேமிப்பகத்தில்தான் குடியிருக்கிறது. வீடு இடிந்தால் சாவியும் போயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், தரமற்ற அட்டைகளில் எழுதப்படாத வேறு பகுதிகள்கூடச் சிதையக்கூடும். மின்தடை நமக்குப் புதிதா என்ன?

இது மலிவுப் பொருள்களின் நோய் மட்டுமன்று. 2021-இல் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,35,000 மகிழுந்துகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவற்றின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிகாபைட் சேமிப்புச் சில்லு ஒன்று இருந்தது. அன்றாடப் பதிவுகள் எழுதி எழுதி அது தேய்ந்தது. அது முற்றிலும் தேய்ந்தபோது திரை செயலிழந்தது; திரையைச் சார்ந்திருந்த பின்புறக் கேமராவும் செயலிழந்தது. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள வாகனத்தை முடக்கியது ஒரு சிறு சில்லின் தேய்மானம்.

கற்றுக்கொண்ட பாடங்கள்

இத்துறை தன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லக்கூடாது. நான் அறிந்தவரை நான்கு வழிகள் உருவாகியிருக்கின்றன.

முதலாவது, தனிச் சில்லுக்கே திரும்புவது. ராஸ்பெரி பை 2019-இல் வந்த நான்காம் பதிப்பில் தொடக்க நிலைபொருளின் ஒரு பகுதியைப் பலகையிலுள்ள தனிச் சில்லுக்கு மாற்றியது. 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முழுவதையும் மாற்றிவிட்டது. நான்காம் பதிப்பின் தொடக்க விலை அறிமுகத்தின்போது 35 டாலர். 2012-இல் முதல் முதன்மைப் பதிப்பின் விலையும் அதுவே. தனிச் சில்லு வைத்தால் விலை கட்டுப்படியாகாது என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே சில்லுக்குள் சுவர் எழுப்புவது. கைப்பேசிகளிலும் செட்டாப் பெட்டிகளிலும் பயன்படும் 'இ.எம்.எம்.சி.' வகைச் சேமிப்புச் சில்லுகளில், பொதுப் பகுதியிலிருந்து வன்பொருள் அளவிலேயே பிரிக்கப்பட்ட இரண்டு தொடக்கப் பிரிவுகள் உண்டு. பொதுப் பகுதியை முழுவதும் அழித்தாலும் அவை தப்பிக்கும். இரண்டு இருப்பதால் ஒன்றில் புதியதையும் மற்றொன்றில் பழையதையும் வைக்கலாம். வசதி சில்லிலேயே இருக்கிறது. தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, பதிவேட்டில் ஏற்றுவது. ஆர்ம் நிறுவனத்தின் முயற்சியில் உருவான உட்பொதி கருவிகளுக்கான தொடக்க விதிமுறை, நிலைபொருளும் இயங்குதளமும் ஒரே வட்டைப் பகிர்ந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்துச் சொல்கிறது. நிலைபொருளுக்கு அட்டவணையில் முறையான பிரிவு இருக்க வேண்டும். அதன்மேல் 'இது இன்றியமையாதது' என்ற அடையாளம் வேண்டும். இயங்குதளத்தை நிறுவும் மென்பொருள் அந்தப் பிரிவைத் தொடக்கூடாது. கோப்பாக வைப்பதானால் அதற்கென்றே தனி அடைவு. சுருங்கச் சொன்னால், கால்வாய்க்கு எல்லைக்கல் நட்டு, பதிவேட்டில் 'நீர்வழி' என்று எழுதிவைப்பது.

நான்காவது, இரண்டு நகல் வைப்பது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2016-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாட்டுக்கு இடமுண்டு. புதிய மென்பொருள் இரண்டாவது பிரிவில் எழுதப்படும். அது எழவில்லை என்றால் கைப்பேசி தானாகவே பழைய பிரிவுக்குத் திரும்பும். பூந்தமல்லி வழியே திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பேருந்துகளில் செல்லும் இளம்பெண்கள் இணைத்துத் தரும் கைப்பேசிகளில் இவ்வளவு முன்யோசனை இருக்கிறது. அதே கைப்பேசியை வைத்திருப்பவரின் வீட்டு ரௌட்டரிலும் அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகுமா?

விலை யாருக்கு?

இங்கேதான் பொருளியல் வருகிறது. தயாரிப்பாளர் சில பத்து ரூபாயை மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சத்தால் கருவி செங்கல் ஆனால், சில ஆயிரம் ரூபாய் செலவு பயனருடையது. அதன் குப்பையைச் சுமப்பது சமூகம். ஒருவர் எடுக்கும் முடிவின் சுமை இன்னொருவர்மேல் விழுவதைப் 'புறவிளைவு' என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆலைக் கழிவு கலந்த ஆறுதான் எப்போதும் என் எடுத்துக்காட்டு. இப்போது என் மேசையிலேயே ஒன்று கிடைத்துவிட்டது.

போட்டி இதைத் தானாகத் திருத்திவிடாதா? திருத்தாது. கடையில் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தால், எதில் நிலைபொருள் தனியாக இருக்கிறது, எதில் மறைவான இடைவெளியில் கிடக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விலை மட்டுமே தெரியும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமான பொருள் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடும் என்பதைப் பழைய மகிழுந்துச் சந்தையை வைத்து ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-லேயே விளக்கினார். உறைக்குள் இருக்கும் சில்லுக்கும் அது பொருந்தும்.

பொதுவளங்களைச் சமூகங்கள் எப்படிக் காக்கின்றன என்று ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் பொதுவளங்களின் இயல்புகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் முதலாவது, தெளிவாக வரையறுக்கப்பட்ட எல்லை. அவர் ஆராய்ந்தவை பாசனக் கால்வாய்களும் மேய்ச்சல் நிலங்களும் மீன்பிடிப் பகுதிகளும். ஆனால் நிலைபொருளும் இயங்குதளமும் பயனரும் பங்குபோடும் ஒரு நினைவக அட்டையும் சிறு அளவில் பொதுவளமே. எல்லை தெளிவில்லாத இடத்தில் எவரும் தீய எண்ணம் கொண்டிருக்க வேண்டியதில்லை. என்னைப்போல் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் போதும், அழிப்பதற்கு.

நாம் கேட்க வேண்டியவை

பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, அதே ஆண்டு இணையதளமும் தொடங்கியது. 2022-இன் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பழுதுபார்ப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை திருகாணியும் உதிரிபாகமும்தாம். எழாத கருவிக்கு உதிரிபாகம் அந்தத் தொடக்க நிலைபொருளே. அதைப் பயனருக்குக் கிடைக்காமல் வைத்திருந்தால், எத்தனை திருகாணி இருந்தும் பழுதுபார்க்க இயலாது.

எனவே மூன்று கோரிக்கைகள். ஒன்று: பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவிகளில் தொடக்க நிலைபொருள் தனிச் சில்லிலோ, வன்பொருள் சுவருக்கு அப்பாலுள்ள பிரிவிலோ இருக்கட்டும். இரண்டு: பொது வட்டில்தான் வைக்க வேண்டுமெனில், பதிவேட்டில் ஏறிய, இன்றியமையாதது என்று குறியிட்ட பிரிவில் இருக்கட்டும், மாற்று நகலும் இருக்கட்டும். மூன்று: நிலைபொருளின் மூலநகலும் அதை மீண்டும் எழுதும் முறையும், கருவிக்கு ஆதரவு தரப்படும் காலம் முழுவதும் பயனருக்கு வெளிப்படையாகக் கிடைக்கட்டும். எங்கள் பெட்டி பிழைத்தது இந்த மூன்றாவது இருந்ததால் மட்டுமே.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மூன்றாவதை மறுப்போர் உண்டு. நிலைபொருளை எவரும் மாற்றலாம் என்றால் திருட்டு நிரலும் புகலாம் என்பது நியாயமான அச்சமே. ஆனால் தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே செயலி ஏற்கும்படி செய்யும் முறை ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. கையொப்பமிட்ட நகலைப் பொதுவில் வைப்பதால் பூட்டு உடைவதில்லை; தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி கிடைக்கிறது, அவ்வளவே.

இவற்றைச் சட்டமாக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் மின்னணுக் கருவிகளை மிகப் பெரிய அளவில் வாங்குவது அரசே. மடிக்கணினிகளை எல்காட் நிறுவனம் வாங்குகிறது. 2017 முதல் வீடுகளுக்கு செட்டாப் பெட்டிகள் வழங்கியது அரசு கேபிள் டிவி நிறுவனம். மின்வாரியத்தின் திறன்மிகு மீட்டர்கள் அடுத்து வரவிருக்கின்றன. இலட்சக்கணக்கில் வாங்குபவர் ஒப்பந்தப்புள்ளியில் நான்கு வரி சேர்த்தால், தயாரிப்பாளர் வடிவமைப்பையே மாற்றிக்கொள்வார். சந்தை தராத தகவலைப் பெரிய கொள்முதலாளர் கேட்டுப் பெற முடியும்.

இன்னொரு வாய்ப்பும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிக் குடும்பத்தின் சில்லு 2018-இல் இயங்கிக் காட்டியது. இஸ்ரோவுடன் இணைந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான 'ஐரிஸ்' சில்லு 2025-இல் வந்தது. இவை 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த கட்டமைப்பைப் பின்பற்றுபவை. அதே கட்டமைப்பில் 2018-இல் வெளிநாட்டில் வந்த 'ஹைஃபைவ் அன்லீஷ்டு' என்ற பலகை, நிலைபொருளை 'இத்தனையாவது கிலோபைட்டில்' என்று தேடுவதில்லை. பிரிவு அட்டவணையைத் திறந்து, 'நிலைபொருள்' என்ற வகைக்குறி இட்ட பிரிவு எது என்று பார்த்து அங்கே போகிறது. கதவு எண்ணை மட்டும் நம்பாமல், பத்திரத்தில் உள்ள பெயரைப் பார்த்துத் தேடுவதற்கு ஒப்பானது இது. செயலியை நாமே வடிவமைக்கும் காலத்தில் இந்த நல்ல வழக்கத்தை அடித்தளத்திலேயே பதிக்கலாம். பின்னால் வரும் எவரும் 56 பதிவுக் கணக்குப் போட வேண்டியிருக்காது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவாகும் பீரங்கி வண்டிகளைப் பல பத்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டு திட்டமிடுகிறார்கள். நம் வீட்டுப் பெட்டிகளுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டாம்; பத்தாண்டு போதும். அதற்கு வேண்டியது பெரும் பணமன்று. ஒரு பிரிவும், அதன்மேல் ஓர் அடையாளமும், பயனருக்கு ஒரு நகலுமே.

சங்க அறையில் அந்தச் சிறு பெட்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர் அதன்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: 'அட்டையை மாற்றும்போது கோப்புகளை மட்டும் நகலெடுக்க வேண்டாம்; அட்டை முழுவதையும் முதல் பைட்டிலிருந்து நகலெடுக்கவும்.' தயாரிப்பாளர் நட்டிருக்க வேண்டிய எல்லைக்கல்லை ஒரு துண்டுத்தாளில் நாங்கள் நட்டிருக்கிறோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).